கட்டிலோரத்து பிளக்

பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த இருதயராஜ், வழக்கம்போல மெயினை அணைத்துவிட்டு அறை அறையாகப் பார்த்தான். சோலார் இன்வெர்ட்டரில் விளக்கும் ஃபேனும் நிற்காமல் ஓடின. கட்டிலோரத்து பிளக்கில் மட்டும் டெஸ்டர் எரியவில்லை. வீட்டுப் பெரியவரின் ஆக்சிஜன் மெஷினுக்கென்றே போன வருஷம் அவன் வைத்துக் கொடுத்த பிளக். அதை இன்வெர்ட்டர் லைனில் சேர்க்காமல் விட்டிருக்கிறான். கட்டில் காலியாக இருந்தது. சுவரில் மாலை போட்ட அவர் படம்.

“உங்க வேலையில குறையே சொல்ல முடியாது தம்பி,” என்றார் காபியோடு வந்த கோமளவல்லி அம்மாள். “அவர் போன அன்னைக்கு மத்தியானம் பூரா கரண்ட் இல்லையாம். பக்கத்து வீட்டுல சொல்லித்தான் எனக்கே தெரியும். அடுப்படியில ஃபேன் நிக்கவே இல்ல.”

அவன் டம்ளரை வாங்கவில்லை.

“அந்த பிளக்குலயே படத்துக்கு ஒரு சின்ன பல்பு போட்டுக் குடுங்க. கரண்ட் போனாலும் அணையக் கூடாது.”