பூநாரை ஜன்னல்

இந்த வீடு விற்றால்தான் இசக்கிராஜின் வேலை தங்கும். செம்பூரில் பத்தொன்பதாவது மாடி ஜன்னலை அகலத் திறந்துவிட்டான். கீழே சதுப்பு நிலம் முழுக்க பூநாரைகள் இளஞ்சிவப்பாக மேய்ந்துகொண்டிருந்தன.

"பாத்தியளா சார்?"

விலை பேசுவதென்றால் ஆண்களிடம்தான் பேச வேண்டும் என்பது அவன் தொழிலில் கற்ற பாடம். வீடு பார்க்க வந்திருந்த சந்திரமௌலியின் மனைவி பாகீரதி ஜன்னலோரம் நின்றாள்.

"எதிர் ஃப்ளாட்டும் இதே அளவுதானேப்பா? அது மட்டும் ஏன் இருபது லட்சம் கம்மி?" என்றார் சந்திரமௌலி.

"அங்க ஜன்னலத் திறந்தா பக்கத்து பில்டிங் பைப்புதான் தெரியும் சார். இங்க பறவைக்குத்தான் அந்தக் காசு. நான் தாராவியில ஜன்னலே இல்லாத ரூம்ல வளந்தவன். இதோட அருமை எனக்குத் தெரியும்."

பாகீரதி திரும்பினாள். "நாளைக்கு இதுலயும் பில்டிங் வந்துட்டா?"

"வரவே வராது மேடம். இந்தப் பறவையளக் காட்டித்தான் அறுபது வீடு வித்திருக்கோம்."

புக்கிங் படிவத்தைச் சந்திரமௌலியிடம் நீட்டினான். அவர் சிரித்தார்.

"எங்களுக்கு மாட்டுங்கால வீடு இருக்குப்பா. நான் இவளுக்குத் துணைக்கு வந்தேன். டவுன் பிளானிங்ல இவ ஆபீசர்."

இசக்கிராஜ் படிவத்தை மடித்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான்.

"கீழ இருக்கற இந்தச் சதுப்பை நிரப்பி இன்னும் ரெண்டு டவர் கட்ட உங்க கம்பெனிதான் பர்மிஷன் கேட்டிருக்கு," என்றாள் பாகீரதி மெதுவாக. "காலணா பெறாத சேத்து நிலம்னு எங்ககிட்ட வாதாடறா. அப்படி இல்லேன்னு எனக்குத் தெரியும். ஆனா இதுக்கு என்ன மதிப்புன்னு ஆபீஸ்ல யாருக்கும் சொல்லத் தெரியலை. நீங்கதான் சொன்னேள், ஒரு வீட்டுக்கு இருபது லட்சம்னு."