அழுகுணிக் கலந்தரின் வளவு

அழுகுணிக் கலந்தரைப் போல அழுவதற்கு ஒரு சொட்டுத் தைலம் போதாது. அவர் கைலேஞ்சித் துணியில் மூன்றாவது சொட்டையும் விட்டுக் கண்ணருகே கொண்டுபோனார். பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"புடிபட்டா பொலிஸ்தான்" என்றாள் மனைவி நசீறா. "போன கிழமை ஆள்மாறாட்டம் செஞ்சவன இன்னும் விடல்ல. பேசாம உண்மையச் சொல்லிருங்களேன்."

"உண்மையச் சொன்னா வளவு கிடைக்குமா? வாயப் பொத்திக்கிட்டு வா."

தலைமன்னாரில் மீள்குடியேற்றம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்குமுன் யுத்தத்தின்போது ஊரைவிட்டு வெளியேறியவர்களில் பலரிடம் தங்கள் வீட்டு வளவுக்குக் காணி உறுதிப் பத்திரம் இல்லை. அப்படிப்பட்டவர்களைப் பக்கத்து வளவுக்காரர் வந்து அடையாளம் காட்ட வேண்டும். கலந்தரின் பக்கத்து வளவு அம்புறோஸுடையது. கலந்தரின் முகத்தை அவர் மறந்திருக்கலாம். ஓயாமல் வடியும் கண்ணை மறப்பாரா? ஊர் வைத்த பட்டப்பெயர் என்ன லேசுப்பட்டதா?

காணிக் கந்தோரில், வந்தவரை அம்புறோஸ் கிட்டப் போய் உற்றுப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"கலந்தர் ஒல்லி ஆளெல்லோ. இவர் பூசணிக்காய் மாதிரி இருக்கிறார்."

காணி உத்தியோகத்தர் துஷாந்தன் பேனையைக் கீழே வைத்தார். வாசலில் நின்ற பொலிஸ்காரர் திரும்பிப் பார்த்தார். வந்தவர் மூக்கைச் சிந்துகிற சாட்டில் கைலேஞ்சியை எடுத்தார். இரண்டு கண்ணும் கொட்டின.

"ஐயோ, இது எங்கட அழுகுணியெல்லோ!" அம்புறோஸ் பாய்ந்து கட்டிப்பிடித்தார். "இந்தக் கண்ணை எங்க கண்டாலும் சொல்லுவன்!"

துஷாந்தன் கையெழுத்துப் போட்டுப் பத்திரத்தை நீட்டினார்.

"ஐயா, இதுக்கு வைத்தியம் இருக்கு. கண் உலர்ந்தாலும் இப்பிடி வடியுமாம். புத்தளத்தில ஒரு டொக்டர் இமையைச் சூடாக்கி, அடைச்சுப்போன எண்ணெய்ச் சுரப்பியை அமத்தித் துப்புரவாக்கிறார். கதிரையில அரை மணித்தியாலம் சாய்ஞ்சிருந்தாச் சரி. எங்கட அம்மாவுக்கும் செய்தது."

"அப்பிடியா தம்பி?" என்று அவர் மூக்கை உறிஞ்சினார். நசீறா அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போன மாதம் அதே டொக்டரின் கதிரையில் சாய்ந்து கண் வடிவதை நிறுத்திக்கொண்ட அசல் கலந்தருக்கு, சொந்த வளவை மீட்கத் தன்னைப் போலவே நடிக்க வேண்டியிருந்தது.