அச்சு அசல்

மச்சினன் கடைத்தெருவில் வாங்கி வந்த புதுப்பட டிஸ்க்கை, பகல் முழுக்க உட்கார்ந்து காப்பி எடுத்தார் அவர்.

“போட்டுப் பாத்தீங்களா அத்தான்?”

“நான் படம் பாக்கறவன் இல்ல மாப்ளே, தரம் பாக்கறவன். கண்டவன் மாதிரி படத்தைச் சுருக்கி டிஸ்க்ல அடைக்கல. ஊசி விழுந்தாலும் கேக்கும்.”

“நான் கூப்பிட்டா மட்டும் கேக்காது,” என்றாள் மனைவி.

ஸ்பீக்கர்கள் அதிரப் படம் ஓடியது. திரைக்குக் கீழே வரிசையாகத் தலைகள். யாரோ தியேட்டரில் திருட்டுத்தனமாக எடுத்தது!

அவர் அணைக்கப் போவதற்குள், கேமராவுக்கு நேர்முன்னே இருந்த தலை ஒன்று போனில் கிசுகிசுத்தது: “ஆபீஸ் மீட்டிங்ல இருக்கேம்மா. வர லேட்டாகும்.”

பக்கத்தில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள்.

மனைவி ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

“குரல் உங்களுதுன்னு தெரியுது. அந்தச் சிரிப்பு யாருதுங்க?”