இரண்டாவது மிட்டாய்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்த இரண்டு தீவுகளுக்கும் நடுவே விமானப் பயணம் என்பது, ஏறியதும் தருகிற புளிப்பு மிட்டாய் வாயில் கரையும் நேரம்தான். அன்று என் பக்கத்தில் இருந்த பொனிப்பாஸ் எழுந்துபோய் விமானியின் கதவைத் தட்டினார்.

“தங்கச்சி சாகக் கெடக்கா. அண்ணன் வந்து எறங்குற வரைக்கும் உசுர விடமாட்டேன்னு சொல்லியிருக்கா. எறக்கிராதீங்க தம்பி.”

விமானி திரும்பி எங்களைப் பார்த்தார்.

“சுத்துங்க தம்பி, கருவாடு கெட்டா போயிடும்” என்றாள் மடியில் கூடை வைத்திருந்தவள்.

பணிப்பெண் எல்லோருக்கும் இரண்டாவது மிட்டாய் கொடுத்தாள். கீழே தங்கையின் வீட்டுக் கூரை வந்து வந்து போனது. பொனிப்பாஸ் மிட்டாயைப் பிரிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

அந்தத் தீவில் அன்றிலிருந்து இன்றுவரை எந்த விமானமும் இறங்கியதில்லை.