மாமாவுக்கு இல்லாதது

“உக்காருங்க மாப்ளே” என்று மாமா தன் நாற்காலியைத் துண்டால் தட்டிக் கொடுத்தபோதே தம்பிக்காரனுக்குச் சந்தேகம் தட்டியது. ஆறு வருஷமாக அக்கா வீட்டில் சாப்பிடுகிறான். அக்காள் புருஷன் அவனை இதுவரை ‘தண்டச்சோறு’ என்பதைத் தவிர வேறு பேரில் கூப்பிட்டதில்லை.

மரியாதை அதோடு நிற்கவில்லை. வேளைக்கு வேளை பழம், கீரை. சிகரெட் பற்றவைத்தால் அக்கா பறந்து வந்து பிடுங்கினாள். தலைவலிக்கு மாத்திரை கேட்டால், “தொட்டே, கைய ஒடச்சிடுவேன்” என்றாள்.

எல்லாம் போன வாரம் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து. மாமா பஸ் டிரைவர். நாற்பது பயணிகளை நடுவழியில் உட்கார வைத்துவிட்டுக் கக்கூஸ் தேடி ஓடுகிற வயிறு அவருக்கு. இரண்டு தடவை ஓடியாயிற்று. மூன்றாவது தடவை ஓடினால் ஸ்டியரிங்கைத் தொடவே வேண்டாம் என்று டிப்போவில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

தம்பிக்காரனின் வயிறோ கல்லைத் தின்றாலும் கரைக்கும். “எப்படி மாப்ளே, போன வேகத்துல வெளிய வந்துடறீங்க?” என்று பாத்ரூம் வாசலில் நின்று மாமா ஏக்கத்தோடு கேட்டார்.

டாக்டர் அவனையும் விடவில்லை. ரத்தத்தில் தொடங்கி ஒன்று பாக்கியில்லாமல் வாங்கிச் சோதித்தார். பிறகு அக்காவிடம் அவர் சொன்னது கதவிடுக்கு வழியாக அவன் காதில் விழுந்திருந்தது. “அவர்கிட்ட இல்லாதது உங்க தம்பிகிட்ட இருக்கு. எடுத்து அவருக்குள்ள வச்சுப் பாக்கலாம். தம்பிக்கு ஒரு நஷ்டமும் இல்ல.”

உபசாரத்தையெல்லாம் பார்த்ததும் இப்போது அர்த்தம் புரிந்துவிட்டது. கிட்னி! இரண்டில் ஒன்று போனால் நஷ்டமில்லைதானே. வயிற்றுக் கோளாறுக்குக் கிட்னி எதற்கு என்று ஒரு நிமிஷம் யோசித்தான். இரண்டும் ஒரே பேட்டைதானே என்று முடிவுக்கு வந்தான்.

அன்று மத்தியானமே இரண்டு சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு பூனை மாதிரி வாசலுக்கு நழுவினான். அங்கே மாமா காக்கிச் சட்டையும் ஒற்றைக் கால் ஷூவுமாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“கெளம்பிட்டீங்களா மாப்ளே?” என்றார். “போங்க. வாய் விட்டுக் கேக்கவே எனக்குக் கூச்சமா இருந்துது. டிப்போல பஸ் கழுவிக்கிட்டுக் காலத்த ஓட்டிடறேன்.”

தம்பிக்காரன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். ஆறு வருஷச் சோறும் உள்ளே எழுந்து நின்று கேள்வி கேட்டது. பையைக் கீழே போட்டான்.

“எடுத்துக்குங்க மாமா! எடது பக்கமோ, வலது பக்கமோ, எது வேணுமோ எடுத்துக்குங்க!”

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த பெண்டாட்டியை மாமா பார்த்தார். “என்னடி சொல்றாரு?”

“என் கிட்னி மாமா!” என்று நெஞ்சை நிமிர்த்தினான்.

“உன் கிட்னிய எவன்டா கேட்டான்?” என்றாள் அக்கா. “இவர் குடல்ல நல்ல கிருமிங்க பூண்டோட அழிஞ்சு போச்சாம். உன் குடல்ல குடும்பம் குடும்பமா குடியிருக்காம். அதுல நாலு குடும்பத்த இங்க குடியேத்திப் பாக்கணும், அவ்ளோதான்.”

உள்ளே போய் அலமாரியைத் திறந்து, மூடி போட்ட அகலமான டப்பா ஒன்றை எடுத்து வந்து அவன் கையில் வைத்தாள்.

“நாளைக்குக் காலைல பாத்ரூமுக்கு இதோட போ.”