சனிக்கிழமைக் கடிதம்

"போச்சு மேடம், எம் புள்ள லெட்டர் போயே போச்சு!"

கதவைத் திறந்ததும் திறக்காததுமாகச் செங்கல்வராயன் புலம்பினார். கஸ்தூரி குடையை மடக்கிச் சாய்த்துவிட்டு, நேராகப் போய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். நாற்பத்தைந்து வயது. ஆவடியில் டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். மெஷின்களுக்கு மவுசு போனதும் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்து, வீடு வீடாகப் போய்ச் சரிசெய்யும் வேலை பார்த்தாள்.

"எப்ப வந்தது சார்?"

"வியாழக்கெழம. சிங்கப்பூர்ல யாரோ ஃப்ரெண்டு மெஷின்லேர்ந்து போட்டிருந்தான் உத்தமன். அந்த ஃப்ரெண்டு பேருகூட ஞாபகம் வரல. தொறந்து படிக்கறதுக்குள்ள காணோம்!"

அவள் வந்த கடிதங்களில் தேடினாள். இல்லை. அழித்தவை கிடக்கும் இடத்தில் தேடினாள். அங்கேயும் இல்லை.

"உங்க பையன் எந்த லெட்டர்லயும் தவறாம எழுதற வார்த்தை ஏதாவது இருக்கா சார்?"

"'சாப்டீங்களா'ன்னு கேப்பான். இங்கிலீஷ் எழுத்துல தமிழ் எழுதுவான்."

அதையே தேடும் பெட்டியில் அடித்து, கம்ப்யூட்டரை ஃபோல்டர் என்கிற எல்லா அறைகளிலும் தேடச் சொன்னாள். திரையில் மணல்கடிகாரம் சுழன்றது. செங்கல்வராயன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கெட்ச்சுதா மேடம்?"

"கிடைச்சுது. 'கரண்ட் பில்'னு ஒரு அறை, அதுக்குள்ள 'பழசு'ன்னு ஒரு அறை, அதுக்குள்ள போய் உட்கார்ந்திருக்கு." அவள் திரும்பிப் பார்த்தாள். "படிக்காத லெட்டர்னா எழுத்து தடிப்பா தெரியும் சார். இது மெலிசா இருக்கே?"

"கம்ப்யூட்டரே படிச்சிருக்கும். சும்மாதான கீது வாரம் பூரா!"

கஸ்தூரி வாய்விட்டுச் சிரித்தாள். அவர் காபி போட அடுப்படிக்குப் போனார்.

ஆவடி ராணுவ டாங்க் ஃபேக்டரி ஸ்டோர்ஸில் முப்பது வருஷம் இருந்தவர் அவர். எந்த நட்டு எந்த அலமாரியில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவர் கையிலிருந்து எதுவும் தொலையாது. அந்தக் கடிதத்தை வியாழக்கிழமையே மூன்று தடவை படித்துவிட்டு, ஒளித்து வைத்ததும் அவர்தான்.

மனைவி போன பிறகு, வெள்ளானூரின் இந்தப் புது வீட்டில் அவர் வாய் திறந்து பேசுவது பால்காரரிடம், "ஒரு பாக்கெட்" என்று மட்டும்தான். இரண்டு பக்கமும் காலி மனைகள். சனிக்கிழமை அரைமணி நேரம் இவள் வந்து தேடுவாள், காபி குடிப்பாள், நெமிலிச்சேரியில் அண்ணன் வீட்டுக் கதை ஏதாவது சொல்வாள். அடுத்த சனிக்கிழமை வரைக்கும் அது போதும்.

"சென்டர் லைன் கிடைக்கவே கிடைக்காது சார், எங்க வீட்டு நம்பருக்கே பண்ணுங்க" என்று தீபாவளி முடிந்ததும் அவளே நம்பரை எழுதிக் கொடுத்திருந்தாள். இப்போது பொங்கலும் போய்விட்டது. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளச் சென்டரோடு போட்ட ஒரு வருஷ ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது. அதைப் புதுப்பித்தால் பொய்யையும் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் சனிக்கிழமையே இல்லை.

காபியைக் கொண்டுவந்து நீட்டினார்.

"அண்ணன் ஊட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"இருக்காங்க சார். எல்லாரும் டிவிகூடத்தான் பேசுவாங்க. நான் குறுக்க போனா, 'மறைக்காதே'ம்பாங்க. அவ்ளோதான் என்கிட்ட பேச்சு."

அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மேடம், ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. ஒரு லெட்டரும் காணாம போவல. வாராவாரம் நான்தான் ஒளிச்சு வெச்சேன். உங்கள வரவெக்க வேற வழி தெரியல எனக்கு. உங்க வேலையைக் கெடுத்துட்டேன். சென்டர்ல சொல்லி என்ன வேணா பண்ணிக்கங்க."

கஸ்தூரி காபியைக் கீழே வைத்தாள். பிறகு மெல்ல அவர் பக்கம் திரும்பினாள்.

"சென்டரை விட்டு நான் நின்னே மூணு மாசமாச்சு சார்."