நெவிலின் விரல்

"விரலைப் பாக்கெட்லயே வச்சுக்கடா நெவ். இன்னும் ரெண்டே ரன்னு!" என்று எதிர்முனையிலிருந்து கத்தினான் ட்ரெவ்.

தொண்ணூற்றெட்டு. இருபத்தாறு வருஷ ஆட்டத்தில் அவன் ஒரு சதம்கூட அடித்ததில்லை. இன்றோடு ஓய்வு. வேலியோரம் அவன் மனைவி கேமராவும் கையுமாக நின்றாள்.

கோதுமை ஊர்களின் சனிக்கிழமை ஆட்டத்தில் அம்பயருக்கு எங்கே போவது? மட்டை பிடிக்கும் அணிதான் தன் ஆளைக் கோட்டு மாட்டி நிறுத்தும்; இன்று நெவில். ஸ்டம்பு எகிறினால் ஒழிய தன் ஆளுக்கு அவுட் கொடுக்கமாட்டார்கள். நெவிலும் இதுவரை கொடுத்ததில்லை.

ட்ரெவ் விக்கெட் கீப்பர். எதிரணிக்காரனின் காதில் எதையாவது ஓதி, கடுப்பேற்றி, அவுட்டாக்குவதில் மன்னன். அதற்கு அங்கே 'ஸ்லெட்ஜ்' என்று பெயர். ஸ்லெட்ஜ் என்றால் சம்மட்டி. எவனோ ஒருத்தன் பெண்கள் முன்னால் அசிங்கமாகப் பேசி, 'சம்மட்டிக்கு இருக்கிற நாசூக்குதான் உனக்கும்' என்று வாங்கிக் கட்டிக்கொண்டதில் பிறந்த சொல்லாம். அணிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் ட்ரெவ் இதைச் சொல்வான். "வாய்க்கு வந்தத அடிச்சு விடுங்கடா. நெசமா இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல" என்றும் சொல்வான்.

மூன்று வாரமாக அவனைக் கண்டாலே நெவிலுக்கு வயிறு எரிந்தது.

பந்து வந்தது. லெக் ஸ்டம்புக்கு ஒரு முழம் வெளியே குத்தி, பேடில் பட்டு உருண்டது. பந்து போட்டவன் அவுட் கேட்டு வைப்போமே என்று அரைக் குரலில் கேட்டுவிட்டு, அடுத்த பந்து போடத் திரும்பி நடந்தான்.

நெவில் விரலைத் தூக்கினான்.

"டேய், கண்ணு அவிஞ்சு போச்சா? நான் உன் ஆளுடா!"

நெவில் விரலை இறக்கவில்லை. ட்ரெவ் உதட்டைக் கடித்துக்கொண்டு தன்னைக் கடந்து போவதைக் கண்குளிரப் பார்த்தான். அவன் மனைவி கேமராவை உறையில் போடுவதையும் பார்த்தான். போதவில்லை. ட்ரெவ் அழுவதையும் பார்க்க வேண்டும் போல் இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன், எதிரணிக்கு ஆட வந்த வாரனை ட்ரெவ் ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து சீண்டினான்.

"ஏன் வாரன், வியாழக்கிழமை சாயங்காலம் உம் பொண்டாட்டி காரு யாரு வீட்டுல நிக்குது, தெரியுமாடா?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஸ்லிப்பில் நின்ற நெவிலும் சிரித்துத் தொலைக்க வேண்டியிருந்தது.

வாரன் சிரிக்கவில்லை. அடுத்த பந்திலேயே அவுட்டானான். நேராக வீட்டுக்குப் போய் மனைவி லினெட்டிடம் கேட்டுவிட்டான்.

அதன்பிறகு மூன்று வியாழக்கிழமைகள் வந்து போய்விட்டன. நெவில் வழக்கம்போல கராஜ் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வாசலைப் பார்த்தபடி இருட்டும்வரை உட்கார்ந்திருந்தான். எந்தக் காரும் வரவில்லை.